கதவருகே தொங்கும் துணி பிரஷ்

டோர்லிட்ஸ் தேவாலயத்தின் கதவில் ஒரு தகரப் பலகை இருக்கிறது. "சாவி எதிர் வீட்டில். மணியை அழுத்தவும். பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை அழுத்த வேண்டாம்." பன்னிரண்டரைக்கு அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஒன்றும் ஆகாது. ஒரு மணிக்குத்தான் வீட்டுக் கதவு திறக்கும்.

திறப்பவர் ரோஸ்விதா போஸெ. வயது அறுபத்தேழு. கூட்டுப் பண்ணையின் கன்றுக் கொட்டகையில் வேலையைத் தொடங்கி, பண்ணை கலைந்த பிறகும் அதே கொட்டகையில் புது முதலாளியிடம் தொடர்ந்து, முட்டி தேய்ந்த பிறகுதான் நிறுத்தினார். ஒரு சாண் நீளச் சாவியை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பார். ஊரைக் கடக்கும் சைக்கிள்காரர்கள், வட்ட வளைவு ஜன்னல்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள், கல்லறையில் தாத்தா பெயரைத் தேடி வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் சொல்வது மூன்றே வாக்கியம்: "தலையைக் குனிங்க. மூணாவது படி ஆடும். சுவத்துல சாயாதீங்க."

தலையைக் குனிவார்கள், படியைப் பார்த்து வைப்பார்கள், பிறகு சாய்ந்துவிடுவார்கள். சுவரை ஒட்டிக் கல் திண்டு ஓடுகிறது. எண்ணூற்றைம்பது வருடக் குளுமை. சைக்கிள் மிதித்து வந்தவன் சாயாமல் என்ன செய்வான்? வெளியே வரும்போது ரோஸ்விதா கதவருகே ஆணியில் தொங்கும் துணி பிரஷ்ஷை எடுப்பார். "திரும்புங்க" என்பார். முதுகிலிருக்கும் வெள்ளையைத் தட்டிவிட்டுத்தான் அனுப்புவார். ஒருமுறை பேராயரையே அப்படித் திருப்பி நிறுத்தினார்.

இத்தனைக்கும் அவர் ஞானஸ்நானம் பெற்றவர் இல்லை. ஞாயிறு ஆராதனைக்குக் கதவைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றிவிடுவார். எங்கள் வட்டாரப் பத்திரிகைக்காக நான் காரணம் கேட்டபோது, "நான் கடவுளுக்கு வேலை செய்யலை. கதவுக்கு வேலை செய்யறேன்" என்றார்.

இந்த வருடம் மார்ச் மாதம் அந்தக் கதவையே மூடுகிறோம் என்று கடிதம் வந்தது.

கூரையின் ஓக் உத்தரங்கள் இரண்டு உளுத்துவிட்டன. மேல்தளத்தில் நடந்த பொறியாளரின் கால் உள்ளே போய்விட்டது. எங்கள் போதகர் அல்முட், நாற்பது வயதுப் பெண், பதினோரு ஊர்த் தேவாலயங்களை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர், ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். ஒரே ஒரு வழி இருப்பதாகச் சொன்னார்கள். பீடத்துக்குப் பின்னால் வளைந்து நிற்கும் சுவரில் பழைய காலத்து ஓவியம் இருக்க வாய்ப்பு இருந்தால், மாநிலமே பொறுப்பேற்றுக் கூரைக்கு உடனே முட்டுக்கொடுக்கும். பக்கத்து மூன்று ஊர்களில் அப்படிக் கிடைத்திருக்கிறது. வாய்ப்பு இல்லையென்றால் ஜூலை ஒன்றாம் தேதி பூட்டிவிட்டு, சாவியை மாவட்ட அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

நினைவுச்சின்னத் துறை நிபுணர் டாக்டர் டீட்ஸ் சுவரைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பார்த்தார். சபைக் குறிப்பேட்டில், 1979ஆம் ஆண்டுப் பக்கத்தில், அப்போதைய போதகர் ஆர்ண்ட்டின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: எல்லைக்கு அந்தப் பக்கம், மேற்கு ஜெர்மனியில் இருந்த சகோதர சபை அனுப்பிய பன்னிரண்டு வாளி வெள்ளைப் பெயிண்டால் தேவாலயத்தின் உட்சுவர் முழுவதும் பூசப்பட்டது. செயற்கைப் பெயிண்ட். அது சுவரை மூச்சுவிடாமல் மூடும். உள்ளே ஈரம் தங்கும். கீழே என்ன இருந்தாலும் தோலோடு உரிந்து வரும். தேடுவதில் பயனில்லை என்று டீட்ஸ் பதில் எழுதினார். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து ஊருக்கு விளக்குவதாகவும் எழுதினார்.

ஊரில் ஆளாளுக்கு வருத்தப்பட்டார்கள். ரோஸ்விதா மட்டும் வருத்தப்படவில்லை; தூங்கவில்லை. அந்தக் குறிப்பு தவறு என்று அவருக்குத் தெரியும். சொன்னால் தேவாலயம் பிழைக்கலாம். ஆனால் ஊர் நம்பிச் சாவி கொடுத்திருக்கும் ஆள், அந்தத் தேவாலயத்திலேயே திருடியவள் என்று ஆகிவிடும்.

நடந்தது இது. பிறகு அவரே தன் சமையலறையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னது.

1979 ஆகஸ்ட். போதகர் ஆர்ண்ட் நுரையீரலுக்காக மூன்று வாரம் கடற்கரைக்குப் போயிருந்தார். பன்னிரண்டு வாளியும் தேவாலயத்தின் பக்க அறையில் அடுக்கியிருந்தன. அந்த மாதிரிப் பெயிண்டை அன்றைக்கு எங்கள் பக்கம் யாரும் கடையில் பார்த்ததில்லை. நல்ல பெயர் எடுக்க நினைத்த பண்ணைத் தலைவர், வெள்ளையடிக்க இரண்டு ஆட்களையும் ஒரு தெளிப்பு இயந்திரத்தையும் கொடுத்தனுப்பினார். ஒரு ஆள் டிராக்டர் ஓட்டும் மன்ஃப்ரெட் கூலிக். இன்னொருவர் கன்றுக் கொட்டகை ரோஸ்விதா. இயந்திரம், ஒவ்வொரு வசந்தத்திலும் மாட்டுக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்கும் அதே இயந்திரம்.

ரோஸ்விதாவுக்குச் செப்டம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை எக்கார்ட், நகரத்துப் பையன். விருந்து ஊர் விடுதியின் கூடத்தில். அடுப்புப் புகையும் சிகரெட் புகையும் ஏறி அந்தச் சுவர் பழைய வாணலி மாதிரி இருந்தது. கூடத்தைப் பார்க்க வந்த மாமியார் சுவரில் விரலை ஓட்டி, விரலைப் பார்த்து, "மாட்டுக் கொட்டாய் கூட இதைவிட வெளிச்சமா இருக்குமே" என்றார். அதில் வேதனை என்னவென்றால், உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். பண்ணையில் சுண்ணாம்புக்குக் குறைவில்லை. ஆனால் சுண்ணாம்பு ஒட்டும். ஆடிக் களைத்த விருந்தாளிகள் சுவரில் சாய்ந்தால், மாமியார் வீட்டுக் கறுப்புக் கோட்டெல்லாம் வெள்ளைக் கோட்டாகிவிடும். ரோஸ்விதா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மன்ஃப்ரெட்டிடம் சொன்னார்: "கல்யாணத்துல எல்லாரும் சுவத்துல சாய்வாங்க. சர்ச்சுல யாரு சாயறா? வர்றதே பதினஞ்சு பேரு. அவங்களும் முன்னாடிதான் குனியறாங்க."

மன்ஃப்ரெட்டுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. வாளிகள் விடுதிக்குப் போயின. சுண்ணாம்பு தேவாலயத்துக்கு வந்தது.

ஒரே ஒரு விஷயம்தான் அவர்கள் கணக்கில் இல்லாதது. அடிப்பதற்கு முன் ரோஸ்விதா ஏணியில் ஏறி, வளைந்த சுவரில் தளர்ந்திருந்த பழைய பூச்சைத் துடைப்பத்தால் தட்டினார். ஒரு பொருக்கு விழுந்தது. அடியில் ஒரு கண். கோழிமுட்டை அளவு, செங்காவிக் கோடு, நடுவில் கறுப்பு. நேராக அவரையே பார்த்தது.

"மன்ஃப்ரெட், இங்க ஒரு கண்ணு இருக்கு."

"ரெண்டு இருந்தா சொல்லு" என்றார் கீழே இருந்த மன்ஃப்ரெட். "ஒண்ணுக்கெல்லாம் மெஷினை நிறுத்த முடியாது."

"அது இமைக்கவே இல்லை" என்று ரோஸ்விதா என்னிடம் சொன்னார். "நான்தான் இமைச்சேன். அப்புறம் அடிச்சிட்டேன்."

கல்யாணத்தில் ஒருவர் முதுகிலும் வெள்ளை இல்லை. கடற்கரையிலிருந்து திரும்பிய ஆர்ண்ட்டும் விருந்துக்கு வந்தார். பளபளக்கும் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நவம்பரில், குளிருக்குக் கறுப்புக் கோட்டுகள் வெளியே வந்தபோது, தேவாலயக் கதவருகே ஓர் ஆணியில் பன்றிமயிர் பிரஷ் ஒன்று தொங்கியது. யார் மாட்டினார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, தேவாலயத்தைப் பராமரித்துவந்த கிழவர் இறந்தபோது, சாவியை நான் வைத்துக்கொள்கிறேன் என்று ரோஸ்விதா தானாகப் போய்க் கேட்டார். எக்கார்டே ஆச்சரியப்பட்டார். ஓய்வுபெறப்போகும் ஆர்ண்ட் காரணம் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்து, "பிரஷ்ஷையும் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியத்தை ரோஸ்விதா இருபத்தெட்டு வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதை விடக் கொடுமை அக்டோபரில் வரும். பெயிண்ட் அனுப்பிய சகோதர சபை, எல்லை போன பிறகு வருடாவருடம் ஒரு பஸ் நிறைய வருகிறது. நல்லவர்கள். தேவாலயச் சுவரைத் தட்டி, "நம்ம பெயிண்ட், இன்னும் எவ்வளவு வெள்ளையா இருக்கு பாரு" என்பார்கள். சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். ரோஸ்விதா ஒவ்வொருவரையும் திருப்பி நிறுத்தித் தட்டிவிடுவார். முப்பது பேர், நாற்பது பேர். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மே மாதக் கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் அவர் மன்ஃப்ரெட்டைப் பார்க்கப் போனார். எழுபத்துநான்கு வயது மன்ஃப்ரெட் ஊர்த் தீயணைப்புப் படையின் முன்னாள் தலைவர், மாலை போடத் தகுந்த ஆள். தோட்டத்தில் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகளின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"நாப்பது வருஷம் வாயை மூடிட்டோம்" என்றார். "இன்னும் பத்து வருஷம் மூடினா நாமளே போய்ச் சேந்துடுவோம். அப்புறம் யாரு யாரைக் கேப்பாங்க?"

"அதுக்குள்ள சர்ச் போயிடும்."

"நீ சர்ச்சுக்கே போறதில்லையே, ரோஸி."

"தினம் போறேன். நீதான் போறதில்லை."

மன்ஃப்ரெட் ஒரு தண்டை முழுவதும் சீவி முடித்தார். அந்தக் கண் நிஜமாக இருந்ததா, வெயிலில் ஏணிமேல் நின்றதில் தோன்றியதா என்று கேட்டார். இருந்தது என்றார் ரோஸ்விதா. அப்படியானால் நீ என்ன வேண்டுமானாலும் செய், என் பெயரை இழுக்காதே என்றார் மன்ஃப்ரெட். சரி என்று சொல்லிவிட்டு ரோஸ்விதா வந்துவிட்டார்.

கூட்டம் மூன்று மணிக்கு. இடம், ஊரில் வேறு இடமே இல்லை என்பதால், விடுதிக் கூடம். அறுபது பேர், கிறிஸ்துமஸுக்கே அவ்வளவு பேர் வருவதில்லை. நீண்ட மேசையில் காபியும் ருபார்ப் கேக்கும். போதகர் அல்முட் சுருக்கமாகப் பேசினார். பிறகு டாக்டர் டீட்ஸ் எழுந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர், கருநீலக் கோட்டு. குறிப்பேட்டின் நகலை வாசித்தார். "நல்ல மனசோடதான் செஞ்சிருக்காங்க" என்றார். "ஆனா அந்தப் பெயிண்ட் சுவரைக் கொன்னிருக்கும். எனக்கும் வருத்தம்தான்."

ரோஸ்விதா இரண்டாம் வரிசையில் இருந்தார். எழுந்தபோது கையில் கேக் தட்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று பார்த்து, நாற்காலியில் வைத்தார்.

"டாக்டர், அந்தப் பெயிண்ட் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு."

டீட்ஸ் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"அதுதான். இந்தக் கூடத்துக்கு அடிச்சோம். என் கல்யாணத்துக்கு. சர்ச் சுவத்துல இருக்கறது மாட்டுக் கொட்டாய்ச் சுண்ணாம்பு. எடுத்தது நான், அடிச்சதும் நான்."

டீட்ஸ் சுவரில் உள்ளங்கையை ஓட்டினார். கையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அதற்குள் பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. மன்ஃப்ரெட்.

"மெஷினை ஓட்டினது நான்" என்றார். "அவ ஒருத்தியே பேரைத் தட்டிட்டுப் போயிடக் கூடாது."

யாரோ சிரித்தார்கள். ஆர்கன் வாசிக்கும் ஹன்னா பாட்டி, எண்பத்திரண்டு வயது, உட்கார்ந்தபடியே ரோஸ்விதாவிடம் சொன்னார்: "எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நாப்பது வருஷமா என் கறுப்புக் கோட்டுல அப்பறது என்ன, மாவா?"

அப்போது தெரிந்தது, பாதி ஊருக்கு அது தெரியும் என்று. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து, ரோஸ்விதாவின் மனம் நோகக் கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். சுண்ணாம்பு ஓவியத்துக்கு நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாது. அதனால் அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அல்முட் சிரிக்கவில்லை. "திருமதி போஸெ, சாவி உங்ககிட்ட இருக்கா?" என்றார்.

ரோஸ்விதா பைக்குள்ளிருந்து சாவியை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

"எனக்கு எதுக்கு?" என்றார் அல்முட். "போய்த் திறங்க."

தெருவைக் கடக்கும்போதே டீட்ஸ் ரோஸ்விதாவின் பக்கத்தில் வந்துவிட்டார். கேட்டது ஒரே கேள்வி. கொட்டகைச் சுண்ணாம்பில் வெண்ணெய் எடுத்த பால் கலப்பது வழக்கமாயிற்றே, கலந்தீர்களா? கலந்திருந்தால் அது கல்லாக இறுகியிருக்கும், கத்தி இறங்காது.

"கலக்கலை. அந்த வருஷம் கன்னுக்குட்டிங்களுக்கே பால் பத்தலை. சுவத்துக்கு எங்க போறது?"

டீட்ஸ் நடையை வேகமாக்கினார்.

தீயணைப்புப் படையின் ஏணியை மன்ஃப்ரெட் கொண்டுவரச் செய்தார். வளைந்த சுவரில், ஜன்னலுக்கு இடது பக்கம் என்று ரோஸ்விதா காட்டினார். டீட்ஸ் மேலே ஏறிச் சிறிய கத்தியால் சுரண்டினார். சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்தது. அது நல்ல சகுனம் என்றார். ஆனால் அடியில் சாம்பல் நிறக் காரைதான் வந்தது. ஒரு கை தள்ளிப் பார்த்தார். அங்கேயும் காரை. கீழே அறுபது பேரும் கழுத்தை அண்ணாந்தபடி நின்றார்கள். ரோஸ்விதா மட்டும் தரையைப் பார்த்தார். இப்போது பொய்க்காரி என்ற பெயரும் சேரப்போகிறது.

"நீங்க இறங்குங்க" என்றார் திடீரென்று. "நீங்க என்னைவிட ஒரு தலை உயரம்."

தேய்ந்த முட்டியோடு அவரே ஏறினார். மன்ஃப்ரெட் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான்காவது படியில் நின்று, துடைப்பத்தைக் கேட்டு வாங்கி, கன்றுக் கொட்டகைக்காரி எப்படிப் பிடிப்பாளோ அப்படிப் பிடித்தார். கண்ணை மூடி ஒரு தட்டுத் தட்டுவதுபோல ஓங்கி, அப்படியே நிறுத்தினார். துடைப்பத்தின் நுனி டீட்ஸ் தேடிய இடத்துக்கு இரண்டு சாண் கீழே நின்றது.

"இங்க."

டீட்ஸ் அந்த இடத்தில் முக்கால் மணிநேரம் வேலை செய்தார். ஒருவரும் கேக்குக்குத் திரும்பவில்லை. முதலில் தபால்தலை அளவு. அதில் ஒரு செங்காவிக் கோடு, வில் மாதிரி. புருவம். பிறகு தீப்பெட்டி அளவு. டீட்ஸ் கத்தியை வைத்துவிட்டு மெல்லிய தூரிகையை எடுத்தார். ஏணியில் இருந்தபடியே, குரலை உயர்த்தாமல், "ஆயிரத்து நூத்தி அறுபது, எழுபதுல வரைஞ்சதா இருக்கும்" என்றார். கொஞ்சம் ஒதுங்கி எங்களைப் பார்க்கவிட்டார்.

கோழிமுட்டை அளவுதான். நடுவில் கறுப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் நேராக எங்களைப் பார்த்தது.

மன்ஃப்ரெட் ஏணியை விடாமல் அண்ணாந்து கேட்டார்: "டாக்டர், ரெண்டு இருக்கா?"

"இருக்கும்" என்றார் டீட்ஸ். "முழு ஆளே இருப்பார்னு நெனக்கறேன்."

அவர் இறங்கியபோது கருநீலக் கோட்டு தோளிலிருந்து இடுப்புவரை வெள்ளையாக இருந்தது. ரோஸ்விதா பிரஷ்ஷை எடுத்துவந்தார். "திரும்புங்க" என்றார். அவர் திரும்பினார். இந்தமுறை பிரஷ் நேராக ஓடவில்லை.

ஜூன் மாதமே கூரைக்கு முட்டுக்கொடுத்துவிட்டார்கள். சுவரைச் சாண் சாணாகப் பார்த்து முடிக்க மூன்று வருடம் ஆகும் என்கிறார்கள். அதுவரை கதவு பூட்டப்படாது. இதுவரை இரண்டு கண், ஒரு காது, ஆசீர்வதிக்கும் கையில் மூன்று விரல். சாவி எதிர் வீட்டில்தான். குறிப்பேட்டில் ஆர்ண்ட்டின் வரிக்குக் கீழே அல்முட் உண்மையை எழுதி, ரோஸ்விதாவிடமும் மன்ஃப்ரெட்டிடமும் கையெழுத்து வாங்கினார். ஆர்ண்ட் தெரிந்தேதான் அப்படி எழுதினாரா என்று அல்முட்டிடம் கேட்டேன். விஷயம் வெளியே வந்திருந்தால் அந்தக் காலத்தில் இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை பஸ் வந்தது. ரோஸ்விதா அவர்களை முதலில் தேவாலயத்துக்கு அழைத்துப் போகவில்லை. விடுதிக் கூடத்துக்கு அழைத்துப் போனார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாளிகளை அன்று லாரியில் ஏற்றிய கிழவர், பெயர் யோர்கன், சுவர்ப் பக்கம் போய்க் கையால் தட்டினார்.

"நாப்பது வருஷமா நான் தப்பான சுவரைத் தட்டிட்டு இருந்திருக்கேன்" என்றார். பிறகு திரும்பி, முழு முதுகையும் வைத்து நிம்மதியாகச் சாய்ந்தார். "கல்யாணம் நல்லா நடந்துச்சா?"

"விடிய விடிய ஆடினோம்" என்றார் ரோஸ்விதா.

தேவாலயத்துக்குப் போகலாம் என்று யோர்கன் நகர்ந்ததும், ரோஸ்விதா பழக்கத்தில் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பினார். கறுப்புக் கோட்டில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. இருந்தாலும் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.